சுவரிலிருந்து புத்தகத்துக்கு: படம் வரைவதும் ஒரு தொழில்தான்

(நமது கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், புத்தகங்களுக்கும் பயிற்சி அட்டைகளுக்கும் படம் வரையும் சகோதரி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



ஆடு வளர்ப்பு பற்றிப் பேச ஆள் வருவார்கள். தையல் பற்றி, வங்கிக் கடன் பற்றிப் பேச வருவார்கள். படம் வரைகிறவளை எதுக்குங்க கூப்பிட்டாங்கன்னு உங்களில் சிலருக்குத் தோணியிருக்கும். நியாயமான கேள்விதான். அதனால் முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது பிளிப் சார்ட் என்று ஒன்றைத் தொங்கவிட்டு, தாள் தாளாகத் திருப்பிக் காட்டுவார்கள். கர்ப்பிணிப் பெண் கீரை சாப்பிடுகிற படம் இருக்கும். குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்கிற படம் இருக்கும். உங்கள் பிள்ளையின் புத்தகத்தில் காக்கா, நரி, வடை எல்லாம் இருக்கும். அதையெல்லாம் மெஷின் போடவில்லை. யாரோ ஒருத்தர் உட்கார்ந்து, யோசித்து, வரைந்து, திருத்தி, கூலி வாங்கியிருக்கிறார். அதுதான் என் தொழில்.

சுவரில் மாட்டுகிற ஓவியம் தனியாக நிற்கும். நாங்கள் வரைகிற படம் ஒரு கதையோடு, ஒரு செய்தியோடு கூடவே நடக்கும். எழுத்துத் தெரியாதவருக்கும் விஷயத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதுதான் எங்களுக்குப் பெரிய பரீட்சை.

இன்றைக்கு என் கதையை நிறையச் சொல்லப் போவதில்லை. பீகாரில் இருக்கிற துலாரி தேவி என்ற அம்மாவின் கதையைச் சொல்கிறேன். பள்ளிக்கூடம் போகாதவர், வீட்டு வேலை செய்தவர். 2021-இல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள்.

மாக்கோலமும் அரிபனும்

பீகாரின் வடக்கே மதுபனி என்று ஒரு மாவட்டம். அந்தப் பக்கத்தை மிதிலை என்பார்கள். சீதை பிறந்த ஊர் என்று சொல்கிறோமே, அந்த மிதிலைதான். அங்கே பெண்கள் அரிசியை ஊறவைத்து அரைத்து, அந்த மாவால் தரையில் வரைவார்கள். அதற்கு அரிபன் என்று பெயர். கேட்கும்போதே நம் மாக்கோலம் ஞாபகம் வருகிறது இல்லீங்களா? கல்யாணம் நடந்தால் மணமக்கள் இருக்கிற அறையின் சுவர் முழுக்க தாமரை, மூங்கில், மீன், கிளி என்று வரைவார்கள். அம்மாவிடம் மகள் கற்றுக்கொள்வாள். விசேஷம் முடிந்து நாளானால் அது அழிந்துபோகும். அதற்குக் கூலி கிடையாது, வரைந்தவர் பெயரும் கிடையாது.

1966 வாக்கில் பீகாரில் கடுமையான வறட்சி. சாப்பாட்டுக்கே வழியில்லை. அப்போது அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியத்தில் இருந்த புபுல் ஜெயகர் என்ற அம்மையார், பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரை மதுபனிக்கு அனுப்பினார். அவர் ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் காகிதத்தைக் கொடுத்தார். சுவரில் வரைவதை இதில் வரையுங்கள், நாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்றார்.

சகோதரிகளே, நடந்த மாற்றம் அவ்வளவுதான். அந்தப் பெண்களுக்குக் கை ஏற்கெனவே பழகியிருந்தது. சுவரை விற்க முடியாது, காகிதத்தை விற்க முடியும். ஜித்வார்பூர் கிராமத்து ஜகதம்பா தேவிக்கு 1975-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1981-இல் சீதா தேவிக்கு, 1984-இல் கங்கா தேவிக்கு, 2011-இல் மகாசுந்தரி தேவிக்கு என்று அது தொடர்ந்தது. எல்லாரும் கிராமத்துப் பெண்கள்.

துடைப்பம் பிடித்த கை

ஆனால் இதில் இன்னொன்றும் இருந்தது. ஆரம்பத்தில் காகிதத்தில் வரைந்து பெயர் வாங்கியவர்களில் பெரும்பாலோர் அங்கே உயர்ந்த சாதி என்று சொல்லப்பட்ட வீட்டுப் பெண்கள். துலாரி தேவி மீனவ சாதியில், ராண்டி என்ற கிராமத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே, பன்னிரண்டு பதிமூன்று வயதில், கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை பிறந்து ஆறு மாதத்தில் இறந்துபோனது. புகுந்த வீட்டு வாழ்க்கையும் நிலைக்கவில்லை. தாய் வீட்டுக்குத் திரும்பி வந்தார். வயிற்றுப்பாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனார்.

அவர் வேலைக்குப் போன இடம் அதே ஊரில் மகாசுந்தரி தேவியின் வீடு. அவருடைய உறவினரான கர்ப்பூரி தேவியும் பெரிய ஓவியர். துலாரி பெருக்குவார், துடைப்பார், பாத்திரம் கழுவுவார். அந்தப் பெண்கள் தரையில் காகிதத்தை விரித்துக் குனிந்து வரைவதைப் பார்ப்பார். வேலை முடிந்து தன் வீட்டுக்கு வந்ததும், காகிதமும் கலரும் இல்லாததால், மண்ணைக் குழைத்து முற்றத்தில் பூசி, குச்சியை எடுத்து அதில் வரைந்து பார்ப்பார்.

பிறகு தைரியம் வந்து, எனக்கும் கற்றுத்தாருங்கள் என்று கேட்டார். கர்ப்பூரி தேவி அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். இந்த இரண்டு பேரையும் நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். ஒருத்தி கேட்டாள், இன்னொருத்தி மறுக்கவில்லை. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இந்தக் கதை இல்லை.

கை எப்படிப் பழகியது

மதுபனிப் படத்தில் இரண்டு முக்கியமான வகை உண்டு. ஒன்று 'பர்னி'. கோட்டுக்குள் பளீரென்று வண்ணத்தை நிரப்புவது. இன்னொன்று 'கச்னி'. மெல்லிய கோடுகளை நெருக்கி நெருக்கிப் போட்டே நிரப்புவது. துலாரி இரண்டையும் கற்றார்.

உருவத்தின் ஓரத்தை ஒரே கோடாகப் போடமாட்டார்கள். இரட்டைக் கோடு போட்டு, நடுவில் குறுக்குக் கோடுகள் போடுவார்கள். முகம் பக்கவாட்டில் இருக்கும், கண் மட்டும் பெரிதாக முழுசாக இருக்கும். காலி இடம் விடமாட்டார்கள். பூ, இலை, மீன், பறவை என்று நிரப்பிவிடுவார்கள். கறுப்புக்கு விளக்குக் கரி, மஞ்சளுக்கு மஞ்சள், நீலத்துக்கு அவுரி என்று பழைய நாளில் வண்ணம் செய்தார்கள். காகிதத்தின் மேல் மெல்லிசாகச் சாணிக் கரைசல் பூசிக் காயவைத்து, அதன் மேல் வரைவதும் உண்டு. மூங்கில் குச்சியில் பஞ்சு சுற்றினால் பிரஷ். மெல்லிய கோட்டுக்கு மையில் தொட்டு எழுதுகிற நிப் பேனா.

இந்த நிப் பேனா விஷயத்தைக் கவனியுங்கள். மையில் போட்ட கோட்டை ரப்பரால் அழிக்க முடியாது. கை தவறினால் அதையே ஒரு இலையாகவோ மீனாகவோ மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். புள்ளி வைத்து, கை எடுக்காமல் சிக்குக் கோலம் இழுக்கிறவர்களுக்கு இது புரியும். அடுத்த வளைவு எங்கே போகணும் என்று கைக்கு முன்னால் மனசு போய்விடும். அதைத்தான் எங்கள் தொழிலில் பயிற்சி என்கிறோம். உங்களில் பலருக்கு அது இருபது வருஷமாக இருக்கிறது.

எதை வரைவது?

பூஜை, கல்யாணம், ராமாயணம் என்றுதான் பலரும் வரைந்தார்கள். துலாரியும் வரைந்தார். ஆனால் அதோடு நிற்கவில்லை. தன் ஆட்கள் மீன் பிடிப்பதை வரைந்தார். வயலில் வேலை செய்கிற பெண்களை வரைந்தார். திருவிழா, ஊர்க் கூட்டம், குழந்தைத் திருமணம் என்று தான் பார்த்ததையும் பட்டதையும் வரைந்தார். வேறு யாரும் அதை அவர் மாதிரி வரைய முடியாது. ஏனென்றால் அவர் அதற்குள்ளே இருந்தவர்.

இதே மதுபனியில் தலித் பெண்கள் தங்கள் உடம்பில் பச்சை குத்துகிற வடிவங்களைக் காகிதத்துக்குக் கொண்டுவந்து புது வகையே உண்டாக்கினார்கள். அதற்கு 'கோத்னா' என்று பெயர். அந்த வகையில் வரைகிற சாந்தி தேவி, சிவன் பாஸ்வான் தம்பதிக்கு 2024-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். நம் பாட்டிமார் கையில் இருக்கிற பச்சையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தேள், புள்ளிக் கோலம் என்று எத்தனையோ இருக்கும்.

சென்னையில் வந்த புத்தகம்

துலாரியின் கதை நம் ஊருக்கும் வந்தது. சென்னையில் 'தாரா புக்ஸ்' என்ற பதிப்பகம் இருக்கிறது. கீதா உல்ஃப் 1994-இல் தொடங்கியது. கிராமியக் கலைஞர்களையும் பழங்குடிக் கலைஞர்களையும் வைத்து அழகான படப் புத்தகங்கள் போடுகிறவர்கள். துலாரி தன் வாழ்க்கையை வாயால் சொன்னார், படங்களாக வரைந்தார். கீதா உல்ஃப் அதை எழுத்தில் அமைத்தார். 2010-இல் புத்தகமாக வந்தது. 'என் தூரிகையின் பின்னே' என்பது போன்ற பொருளில் ஆங்கிலத் தலைப்பு. அட்டையில் துலாரி தேவியின் பெயர் இருக்கிறது.

அந்த அம்மாவுக்குத் தன் பெயரைக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். அதையும் பெரியவரான பிறகுதான் கற்றார். படிக்கத் தெரியாதவர் ஒரு புத்தகத்துக்குச் சொந்தக்காரர் ஆகலாம் என்பதை அன்றைக்குத்தான் நான் புரிந்துகொண்டேன். குழுவில் சேர்ந்த புதிதில் தீர்மான நோட்டில் கைநாட்டு வைத்து, பிறகு கையெழுத்துப் போடக் கற்றவர்கள் இங்கே எத்தனையோ பேர் இருப்பீர்கள். முதல் கையெழுத்துப் போட்ட அன்று கை நடுங்கியது உங்களுக்குத் தெரியும்.

2025 பிப்ரவரி 1-ஆம் தேதி மத்திய பட்ஜெட்டை வாசித்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கட்டியிருந்த வெள்ளைப் புடவையை டிவியில் பார்த்திருப்பீர்கள். அதில் இருந்த மீனும் வேலைப்பாடும் துலாரி தேவியுடையது. அவரே பரிசாகக் கொடுத்த புடவை.

ஒரு படம் எப்படித் தயாராகிறது?

இனி என் வேலைக்கு வருகிறேன். ஒரு கதையோ பயிற்சிச் செய்தியோ கைக்கு வந்தால் நான் உடனே வரைய உட்காருவதில்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் மூன்று நான்கு தடவை படிப்பேன். எழுத்தில் இருப்பதையே படத்திலும் சொன்னால் படம் வீண். 'லட்சுமி கடைக்குப் போனாள்' என்று எழுதியிருந்தால், அவள் காலில் செருப்பு இருக்கிறதா, கையில் பை இருக்கிறதா, வெயிலா மழையா என்பதைப் படம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, போய்ப் பார்ப்பேன். பம்பு செட் வரையணும் என்றால் பம்பு செட்டைப் பார்த்து வரைவேன். மாட்டின் கொம்பு, கலப்பையின் பிடி, முந்தானையைச் செருகுகிற விதம் இவற்றில் தப்பு இருந்தால் கிராமத்துப் பெண்கள் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் நாங்கள் சொல்கிற செய்தியையும் நம்பமாட்டார்கள்.

மூன்றாவது, தீப்பெட்டி அளவில் சின்னச் சின்னக் கட்டம் போட்டு முழுப் புத்தகத்தையும் பென்சிலில் கிறுக்குவேன். குழந்தைகள் படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம் இருக்கும். பெரிய தாளில் அச்சடித்து மடித்து வெட்டுவதால் 8, 16, 32 என்று கணக்கு வரும். எந்தப் பக்கத்தில் எழுத்து வரும், எங்கே இடம் விடணும், இரண்டு பக்கமும் சேர்கிற மடிப்பில் ஆள் முகம் போய் மாட்டிக்கொள்ளாமல் எப்படி வைக்கணும் என்பதெல்லாம் இந்தக் கட்டத்தில்தான் முடிவாகும். முதல் பக்கத்தில் பச்சைப் பாவாடை போட்ட பிள்ளை பத்தாம் பக்கத்திலும் அதே பிள்ளையாகத் தெரிய வேண்டும்.

நான்காவது, பென்சில் படத்தைக் காட்டிக் கேட்பேன். இதுதான் ரொம்ப முக்கியம். "இது என்ன படம் தெரியுதா?" என்று கேட்கக் கூடாது. "இதுல என்ன நடக்குது, சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். சுகாதாரப் பயிற்சிக்காரர்கள் அடிக்கடி சொல்கிற ஒரு கதை உண்டு. கொசுவைப் பெரிசாக வரைந்து காட்டினால், "அம்மாடி, எங்க ஊர்ல இவ்வளவு பெரிய கொசு இல்லீங்க" என்பார்களாம். கை கழுவுவதைக் காட்ட முழங்கை வரைக்கும் மட்டும் வரைந்தால் வெட்டுப்பட்ட கையா என்று கேட்பார்களாம். அப்படிச் சொன்னால் பார்த்தவருக்குப் புத்தி இல்லை என்று அர்த்தம் இல்லை. படம் சரியில்லை என்று அர்த்தம். திரும்ப வரையணும்.

ஐந்தாவதுதான் மையும் கலரும். மற்றவர்கள் வேலை என்று நினைப்பது இதைத்தான். ஆனால் அதற்கு முன்னாலேயே பாதிக்கு மேல் வேலை முடிந்திருக்கும்.

கூலியும் உரிமையும்

இப்போது காசு விஷயம். இதைப் பெண்கள் கேட்கக் கூச்சப்படுகிறோம். "கோலம் போடுறதுக்கெல்லாம் காசா?" என்று கேட்பார்கள். "சும்மா பொழுதுபோக்குக்கு வரையறதுதானே" என்பார்கள். படம் வரைய மூன்று நாள் ஆகியிருக்கும். அந்த மூன்று நாளும் சமைத்து, தண்ணீர் பிடித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ராத்திரி உட்கார்ந்து வரைந்திருப்போம்.

நம் நாட்டில் 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. அதிலிருந்து நாலு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, சொந்தமாக ஒரு படத்தை வரைந்தால் அதன் உரிமை வரைந்தவருக்கே. அவர் உயிரோடு இருக்கும் வரையிலும், இறந்த பிறகு 60 வருஷம் வாரிசுகளுக்கும் அது உண்டு. பதிவு செய்தால்தான் உரிமை என்று இல்லை.

இரண்டு, ஒருவர் பணம் கொடுத்து "எனக்கு இதை வரைந்து கொடுங்கள்" என்று சொல்லி வரைய வைத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் உரிமை அவருக்குப் போய்விடக்கூடும். சம்பளத்துக்கு வேலை செய்து வரைந்தாலும் அப்படித்தான். அதனால் வேலை தொடங்கும் முன்னாலேயே ஒரு தாளில் எழுதி வாங்க வேண்டும்.

மூன்று, உரிமையை எழுதிக் கொடுப்பது கையெழுத்தோடு எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருஷம் என்று கணக்கு.

நான்கு, உரிமையை விற்றுவிட்டாலும் 'இதை வரைந்தது நான்தான்' என்று சொல்கிற உரிமை வரைந்தவரிடமே இருக்கும்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் தொழிலில் அடிக்கடி நடப்பது இது: ஒரு நோட்டீசுக்கு என்று சொல்லிப் படம் வாங்குவார்கள். அடுத்த வருஷம் அதே படம் காலண்டரில் வரும், பையில் வரும். வரைந்தவளுக்கு ஒரு பைசா வராது. குழுவில் பத்து ரூபாய் உள்கடன் கொடுத்தாலும் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவர வேண்டும். எந்த வேலைக்கு, எத்தனை படம், எவ்வளவு கூலி, எப்போது பணம், எத்தனை தடவை திருத்தம், பெயர் போடுவார்களா, அசல் படம் யாரிடம் இருக்கும் என்று ஏழு வரி எழுதினால் போதும்.

யார் வரலாம்?

எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வரைய வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது. ஒரு மாதம் வேலை குவியும், இரண்டு மாதம் சும்மா இருக்கும். நானே பல வருஷம் வேறு வேலை பார்த்துக்கொண்டுதான் வரைந்தேன். துலாரி தேவியும் ஒரே நாளில் துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை.

ஆனால் கை வருகிறவர்கள் தொடங்கலாம். வாரத்துக்கு ஒரு படம் நோட்டில் வரையுங்கள். நீங்கள் நன்றாக அறிந்த ஒன்றை வரையுங்கள்: நாற்று நடுவது, சந்தை, ரேஷன் கடை வரிசை, பீடி சுற்றுவது, நூறு நாள் வேலை. மூன்று மாதத்தில் பன்னிரண்டு படம் சேரும். அதில் நல்ல பத்தை எடுத்து, பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல் நேராக செல்போனில் போட்டோ எடுத்து வையுங்கள். வேலை கேட்டுப் போகும்போது அதுதான் உங்கள் சர்டிபிகேட். பதிப்பகங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் அதைத்தான் காட்ட வேண்டும்.

அடுத்தது ஊக்குநர்களுக்கும் பிரதிநிதிகளுக்கும். உங்கள் குழுவின் அறிவிப்புப் பலகை, விளக்கச் சார்ட் இதற்கெல்லாம் வெளியில் காசு கொடுத்து வாங்கும் முன், வரையத் தெரிந்த உறுப்பினர் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் கூலி கொடுத்து வாங்குங்கள். "நம்ம ஆளுதானே" என்று சும்மா வாங்காதீர்கள். வெளியாள் கூலி கொடுக்காததற்கு வருத்தப்படுகிற நாம், நமக்குள்ளே அதையே செய்யக் கூடாது.

வீட்டில் பெண் பிள்ளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் வரைந்தால், படிக்காமல் என்ன கிறுக்கறே என்று திட்டுகிறோம். படிக்கட்டும், கூடவே வரையட்டும். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் அங்கே சேரலாம். துலாரிக்கு அந்த வழி இல்லை. நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கோலத்தில் யாரும் பெயர் எழுதுவதில்லை, அது வாசலுக்கு உரியது. ஆனால் காகிதத்தில் வரைந்து அடுத்தவரிடம் கொடுக்கிற படத்தின் கீழே உங்கள் பெயரை எழுதுங்கள். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.